தில்லியில் அந்தப் பெரிய கடைக்குப் போகாமல் வீடு நடத்த முடியுமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகத் தில்லி வந்து நாலு மாதம் ஆகிறது. உங்கள் குடியிருப்பில் எல்லாரும் மாதச் சாமானுக்கு அந்த ஒரே பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போகிறார்கள். அங்கே பில் போடும் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பதையும், வேலை முடிந்து போகும்போது பையைத் திறந்து காட்டிவிட்டுப் போவதையும் பார்த்ததிலிருந்து உங்களுக்கு உள்ளே போக மனம் வரவில்லை. ஆனால் இந்தி தெரியாது, பேரம் பேச வராது, சம்பளமும் பெரிதில்லை. வேறு வழி உண்டா, செலவு கூடுமா?

வழி உண்டு. நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து 23 வருஷம் ஆகிறது, கிழக்கு தில்லியில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரிய கடைக்குள் கால் வைத்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

எனக்கு இது எப்படி ஆரம்பித்தது என்றால், 2017 மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் நம் ஊர் விவசாயிகள் ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்களே, 41 நாள், மண்டை ஓடுகளை முன்னால் வைத்துக்கொண்டு. நாலைந்து முறை தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே, நீ இங்கே அரிசி என்ன விலைக்கு வாங்குகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் கையில் இருந்த சாதத்தைப் பார்த்தாரே தவிர ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த மாதத்து பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று யோசித்தேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அதே வருஷம் எங்கள் தெருவில் இருக்கும் மதுரைக்கார அக்கா ஒருவர், வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவர், அந்தக் கடையில் சரக்கு வைத்துப் பார்த்தார். கண் மட்டத்துத் தட்டில் வைக்கத் தனிப் பணம் கேட்டார்கள், கொடுத்தார். விற்காத பாட்டில்கள் திரும்பி வந்தன, அந்த நஷ்டமும் அவருக்கே. விற்றதற்குப் பணம் வர ஐந்து மாதம் ஆனது. குறுந்தொழில் என்று பதிவு செய்தவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது, தாமதித்தால் வட்டியும் உண்டு. ஆனால் புகார் கொடுத்தால் மறுமாதம் தட்டில் இடம் இருக்காது என்பது அக்காவுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கடைசியில் அதே தட்டில், அதே மாதிரி பாட்டிலில், கடையின் சொந்தப் பெயரிலேயே ஊறுகாய் வந்து உட்கார்ந்தது, விலை இருபது ரூபாய் குறைவு. அன்றைக்குத்தான் நான் முடிவு பண்ணினேன்.

நின்றுகொண்டே வேலை பார்ப்பது பற்றி நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021ல் சட்டத்தையே திருத்தினார்கள், அதற்கு முன்பே 2018ல் கேரளாவில் வந்தது. ஒரு முக்காலிக்காகச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் அந்தக் கடையை விடுவதாக இருந்தால் சும்மா நின்றுவிடாதீர்கள், ஏன் வரவில்லை என்பதை மேலாளரிடம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதை நிறுத்துங்கள். நான் இந்தியில் எழுதத் தெரியாமல் ஆங்கிலத்தில் நாலு வரி கொடுத்தேன். பதில் வரவில்லை, பரவாயில்லை, ஒரு ஆள் குறைந்ததற்குக் காரணம் என்னவென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா.

இப்போது நடைமுறை. முதல் மாதம் நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன், அது தப்பு. பருப்பு ஒரு இடம், சோப்பு ஒரு இடம் என்று மே மாத வெயிலில் அலைந்து, பத்தாம் தேதிக்குள் களைத்துப்போய்விட்டேன். அதனால் நீங்கள் ஒவ்வொரு சாமானாக மாற்றுங்கள். முதலில் காய்கறி, ஏனென்றால் அதுதான் இந்த ஊரில் சுலபம், விலையும் கடையைவிடக் குறைவு.

தில்லியில் ஒவ்வொரு பகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலச் சந்தை உண்டு. அந்தக் கிழமையின் பெயரையே சொல்வார்கள், சோம் பஜார், புத் பஜார், ஷனி பஜார் என்று. பொழுது சாயும் நேரத்தில் தெருவில் பல்பு தொங்கவிட்டு ஆரம்பித்தால் ராத்திரி பத்து மணி வரை நடக்கும். காய் மட்டும் இல்லை, மசாலா, வாளி, துணி, பாத்திரம், கம்பளி எல்லாம் வரும். முதல் தடவை போகிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது: அவர்கள் "பீஸ், பீஸ்", அதாவது இந்தியில் இருபது, என்று கத்தினால் கிலோ இருபது ரூபாய் என்று நினைத்துவிடக் கூடாது, பல நேரம் அது ஒரு பாவுக்கு, அதாவது கால் கிலோவுக்கு. கேட்டுக்கொள்ளுங்கள், "கிலோ கா?" என்று. ஆதா அரை, ஸவா ஒன்றே கால், டேட் ஒன்றரை, டாயி இரண்டரை. இந்த நாலு வார்த்தை போதும், மீதியை விரலால் காட்டலாம். காய் வாங்கி முடித்ததும் "தனியா, மிர்ச்" என்று சொன்னால் ஒரு பிடி கொத்தமல்லியும் நாலு பச்சை மிளகாயும் பையில் விழும், நம் ஊர்க் கொசுறேதான். (இங்கே தனியா என்றால் இலையையும் சேர்த்துத்தான், விதை வேண்டுமென்றால் சாபுத் தனியா என்று கேளுங்கள்.)

பேரம் பற்றிக் கவலைப்பட்டீர்கள். நான் பேரம் பேசுவதில்லை. இரண்டு மூன்று கடையில் விலையைக் கேட்டுவிட்டுப் பிடித்த இடத்தில் வாங்குகிறேன், வாரா வாரம் அதே ஆளிடம். ஒன்பது மணிக்கு மேல் போனால் விலை இறங்கும், ஆனால் அவர் மிச்சத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் இறக்குகிறார், அந்த நேரத்தில் போய் இன்னும் குறை என்று நெருக்குவது எனக்கு ஒப்பவில்லை. 2014ல் தெருவோர வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தும்கூட இவர்களை அடிக்கடி விரட்டுகிறார்கள். சந்தை நடக்காத வாரத்தில் எங்கே போனார்கள் என்று விசாரியுங்கள், அடுத்த தெருவில் இருப்பார்கள்.

காஜிப்பூர் மண்டி பற்றியும் சொல்ல வேண்டும். மொத்த வியாபாரம், விடியற்காலையில் போனால் ஒரு தடி, அதாவது ஐந்து கிலோ, அதற்குக் குறைந்து கொடுக்க மாட்டார்கள். தனியாளுக்கு ஐந்து கிலோ வெங்காயம் எதற்கு? நாங்கள் ஆறு வீடு சேர்ந்துகொண்டோம். மாதம் இரண்டு ஞாயிறு, இரண்டு பேர் ஆட்டோவில் போய் வெங்காயம், உருளை, தக்காளி, அந்தந்தப் பருவத்துக் காய் ஒன்று வாங்கி வருவார்கள், எங்கள் வீட்டு வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் பிரிப்போம். ஆறில் இரண்டு வீடுதான் தமிழ், மற்றவர்கள் பீகார், மலையாளம், ஒரு வங்காளிக் குடும்பம். எனக்கு இந்தி பேச வந்தது அந்த வராந்தாவில்தான்.

பால் சுலபம். மதர் டெய்ரி 1974ல் வெண்மைப் புரட்சிக் காலத்தில் இங்கே ஆரம்பித்தது, தேசியப் பால்வள வாரியத்தின் நிறுவனம். பூத்துக்குத் தூக்குவாளி எடுத்துக்கொண்டு போனால் இயந்திரத்திலிருந்து டோக்கன் பால் பிடித்துத் தருவார்கள், பாக்கெட்டைவிட விலை குறைவு, பிளாஸ்டிக்கும் இல்லை. அவர்களுடைய காய்கறிக் கடைதான் 1988லிருந்து நடக்கும் சஃபல். சந்தைக்குப் போக முடியாத வாரம் அங்கே வாங்கலாம், விலை பலகையில் எழுதியிருக்கும், பேச்சே தேவையில்லை.

பருப்பு, கோதுமை மாவு, சோப்புக்கு கேந்திரிய பண்டார். மத்திய அரசு ஊழியர்களுக்காக 1963ல் ஆரம்பித்த கூட்டுறவு, ஆனால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நம் ஊரில் சிந்தாமணிக் கடை தெரியுமல்லவா, அந்த மாதிரி. பளபளப்பு இருக்காது, சில தட்டுகள் காலியாகக்கூட இருக்கும், நாலு மணிக்குப் போனால் டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆனாலும் கூட்டுறவை நான் விடமாட்டேன். 1904லேயே திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை ஆரம்பித்த ஊர்க்காரர்கள் நாம். இதே தில்லியில் 1966ல் விலைவாசி ஏறிக் கிடந்தபோது கன்னாட் பிளேஸில் சூப்பர் பஜார் என்று ஒரு பெரிய கூட்டுறவுக் கடை திறந்தார்கள், என் மாமியார் புதுக் குடித்தனத்துக்குப் பாத்திரம் வாங்கியது அங்கேதான். நஷ்டம் என்று 2002ல் இழுத்து மூடினார்கள். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இன்றும் மாறும். ஆளில்லாமல் போனால் இருக்கிற கடையும் அப்படித்தான் போகும் என்று எனக்குப் பயம்.

மாவு விஷயம் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் தடுமாறிப் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு பேட்டையிலும் சக்கி இருக்கும், கோதுமை அரைக்கிற கடை. பச்சரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி எடுத்துக்கொண்டு போனேன். சக்கிக்காரர் அரைத்துக் கொடுத்தார், வீட்டுக்கு வந்து இடியாப்பம் பிழிந்தால் பழுப்பு நிறம், கோதுமை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அடுத்த தடவை காரணத்தைச் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் கல்லைத் துடைத்ததும் முதல் ஆளாக வா, முதல் ஒரு பிடியைத் தனியாக எடுத்துவிடலாம் என்றார். அன்றிலிருந்து அப்படித்தான், அந்த முதல் பிடியைக் கோலத்துக்கு வைத்துக்கொள்கிறேன். இட்லி அரிசி, சின்ன வெங்காயம், முருங்கைக்காய்க்கு ஐஎன்ஏ மார்க்கெட், மெட்ரோவிலேயே போய்விடலாம், மாதம் ஒரு முறை போதும்.

ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை. மயூர் விகார் பக்கம் யமுனைக் கரையில் விளைந்த கீரையைச் சாலையோரத்திலேயே விற்பார்கள், பார்க்க அவ்வளவு பசுமையாக இருக்கும், விளைவித்தவர் கையிலிருந்தே வாங்குகிறோம் என்ற நிறைவும் இருக்கும். ஆனால் ஆற்றுத் தண்ணீரின் லட்சணம் காரணமாக 2015 ஜனவரியில் பசுமைத் தீர்ப்பாயம் அந்த வெள்ளச் சமவெளியில் உண்ணும் பயிர் விளைவிக்கவே தடை போட்டது. சாக்கடையையும் ஆலைக் கழிவையும் ஆற்றில் விட்டவர்கள் வேறு, பிழைப்பு போனவர்கள் வேறு. இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. கீரை மட்டும் மொட்டை மாடித் தொட்டியில் போடுகிறேன், குளிர்காலத்தில் வெந்தயக் கீரை அருமையாக வரும்.

தெருமுனை மளிகைக் கடை என்றாலே நியாயம் என்றும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் முனைக் கடையில் பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான், கேட்டதற்கு அக்கா மகன் என்றார். இரண்டு மாதம் அங்கே போகவில்லை, ஏன் என்று நேரிலேயே சொன்னேன். அப்புறம் அந்தப் பையனைக் காணோம், பள்ளிக்கூடம் போனானா வேறு கடைக்குப் போனானா என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போது வாங்குவது இரண்டு தெரு தள்ளி, கணவனும் மனைவியும் மட்டும் நடத்தும் கடையில். பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் ஆப்களைக் கேட்டீர்கள், பெரிய கடையில் நிற்கிற பெண்ணுக்குப் பதில் வண்டியில் ஓடுகிற பையன், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

செலவு. என் கணக்கு நோட்டுப்படி முதல் இரண்டு மாதம் ஐந்நூறு அறுநூறு கூடியது, பருப்பிலும் சோப்பிலும்தான். மூன்றாம் மாதம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, காரணம் கடைக்குள் தள்ளுவண்டியோடு சுற்றும்போது கண்ணில் பட்டதெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது நின்றுபோனது. ஆனால் நேரம் கூடும், அதை மறைக்க மாட்டேன், வாரத்தில் மூன்று மணி நேரமாவது ஆகும். உங்கள் ஷிப்ட் வேலைக்கு முழுக்க முடியாவிட்டால் காயும் பாலும் மட்டும் மாற்றுங்கள், மற்றதற்கு அங்கேயே போனாலும் உங்களை யாரும் குற்றம் சொல்லக் கூடாது. எங்கள் ஆறு வீட்டிலும் ஒரு வீடு இன்னும் எண்ணெய்க்கு அங்கேதான் போகிறது.

கிழக்கு தில்லிப் பக்கம் இருந்தால் ஒரு புதன்கிழமை ஏழு மணிக்கு என்னோடு சந்தைக்கு வாருங்கள், துணிப்பை இரண்டும், பத்து இருபது ரூபாய்த் தாளாகக் கொஞ்சம் சில்லறையும் போதும். மதுரை அக்காவின் ஊறுகாயை இப்போது பதினாலு வீடு நேராக அவரிடமே வாங்குகிறோம், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் குறைப்பார். நார்த்தங்காய் எப்போதும் இருக்கும், மாவடு பங்குனியில் மட்டும்தான் போடுவார், வேண்டுமென்றால் மாசியிலேயே சொல்லிவையுங்கள்.