ஏழு ராமசாமிகளும் ஒரு தாத்தாவும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. என் தாத்தாவின் நினைவாக ராமசாமி என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறேன். தாத்தா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து 1973இல் திரும்பி வந்தவர். மாமனார் வீட்டில் இந்தப் பெயர் யாருக்கும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்கிறார்கள். எண்கணிதம் பார்ப்பவர் ஒருவர், ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டால் வைக்கலாம் என்றார். நான் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன்: ஈ.வெ. ராமசாமி, சி.பி. ராமசாமி ஐயர், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், ஆற்காடு ராமசாமி முதலியார், வ. ராமசாமி, சுந்தர ராமசாமி, சோ ராமசாமி. இத்தனை பேர் ஒரே பெயரில் புகழடைந்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பெயருக்குள் ஏதோ சக்தி இருக்கிறது என்றுதானே பொருள்? கடவுளே இல்லை என்றவருக்கு ராமனும் சாமியும் சேர்ந்த பெயர் அமைந்ததும் விந்தைதான். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் வாசகன்,
கூடலூர், நீலகிரி

அன்புள்ள கூடலூர் நண்பருக்கு,

குழந்தைக்கும் தாய்க்கும் என் வாழ்த்துகள். உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் அந்தப் பெயரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தாத்தாவும் ராமசாமிதான். பரணைச் சுத்தம் செய்தபோது பாட்டியின் பழைய ரேஷன் கார்டு கிடைத்தது. அதில் கணவர் பெயர் இருந்த வரியைப் பார்த்ததும் அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வரி எழுதப்பட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு எட்டு வயது. கணக்கெடுக்க வந்தவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். தாத்தா வயலுக்குப் போயிருந்தார். பாட்டி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று வளர்க்கப்பட்டவள். கூடத்தில் மாட்டியிருந்த பட்டாபிஷேகப் படத்தைக் கை காட்டினாள். வந்தவர், சீதாபதியா என்றார். பாட்டி தலையை ஆட்டினாள். ரகுநாதனா? இல்லை. பாட்டியின் கண்கள் என்னைத் தேடின. நான் உரக்கச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஓர் ஆண் பிள்ளை வீட்டில் இருப்பதன் பயன் இதுதான் என்பதுபோல அவள் என் தலையைத் தடவினாள்.

தன் கணவனோடு அவள் நிற்கவில்லை. ஊரில் இருந்த எல்லா ராமசாமிகளும் அவளிடம் பெயரை இழந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர் 'கொடிக்கால்காரர்'. சட்டை தைப்பவர் 'தையல்காரர்'. பள்ளியில் என்னோடு படித்த ராமசாமி 'உன் சேக்காளி'. மாலையில் நான் அவளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். ஈ.வெ. ராமசாமி என்று வந்தால் அவள் 'ஈரோட்டுக்காரர்' என்று தனக்குள் மாற்றிக்கொள்வாள். 'பெரியார்' என்று அச்சாகியிருந்தால் மட்டும் அவளும் என்னோடு சேர்ந்து சொல்வாள். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது பெண்கள் என்று பின்னால் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டின் தீர்மானம் அது. என் பாட்டி அந்த மாநாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாள். ஆனால் அவள் வாய்க்கு வசதியாக ஒரு பெயரை அந்தப் பெண்கள் செய்து கொடுத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்கணிதக்காரரை முதலில் வாசலுக்கு வெளியே அனுப்புங்கள். பிறந்து முப்பது நாள் ஆன பிள்ளையின் பெயரில் குறை கண்டுபிடித்து, அதைச் சரிசெய்யக் காசு வாங்குகிறவனை வீட்டுக்குள் விட்டது உங்கள் தவறு. தமிழ்ப் பிள்ளையின் பெயரை ஆங்கில எழுத்தில் எண்ணிப் பலன் சொல்கிறான். நீங்களும் அதை என்னிடம் ஒரு கருத்தாக எழுதுகிறீர்கள். படித்தவர் செய்கிற காரியமா இது? கடவுள் மறுப்பாளரின் பெயரில் சாமி இருப்பது அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேடைகளில் தேய்ந்துபோன செய்தி, அதை விட்டுவிடுங்கள். பெயர் அவர் வைத்துக்கொண்டது அல்ல. அவர் கையில் இருந்தது சாதிப் பின்னொட்டு. 1920களின் இறுதியில் அதை அவர் வெட்டி எறிந்தார்.

பெயருக்குள் சக்தி இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் பட்டியலில் முதல் இருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் 1879இல் பிறந்தவர்கள். ஒருவர் செப்டம்பரில் ஈரோட்டில், மற்றவர் நவம்பரில் வந்தவாசியில். 1924இல் ஈ.வெ.ரா. திருவிதாங்கூருக்குப் போனார். வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்த போராட்டம். கோயிலுக்குள்கூட அல்ல, தெருவில் நடக்க. திருவிதாங்கூர் அரசு அவரை இருமுறை சிறையில் வைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே திருவிதாங்கூரில் சி.பி. திவானாகப் பொறுப்பேற்றார். சில வாரங்களில், 1936 நவம்பர் 12 அன்று, மகாராஜா சித்திரைத் திருநாளின் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது. அன்று சி.பி.க்கு 57 வயது நிறைந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் கோயில் நுழைவுச் சட்டம் வந்தபோது பிரதமராக, அதாவது இன்றைய கணக்கில் முதல்வராக, இருந்தவர் உங்கள் மூன்றாவது ராமசாமி, ஓமந்தூரார். தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில், அவர் ஆட்சியில்தான்.

ஒருவர் தெருவில் நின்று கத்தினார், ஒருவர் அரண்மனைக்குள் இருந்து எழுதினார், ஒருவர் சட்டமன்றத்தில் கை தூக்க வைத்தார். இதைப் படித்ததும் பெயரின் மகிமை என்று நீங்கள் துள்ளுவீர்கள், எனக்குத் தெரியும். துள்ளாதீர்கள். கதவைத் திறந்த அதே சி.பி.யின் ஆட்சியில்தான் 1946இல் புன்னப்புராவிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். பெயர் அதே பெயர்தான். அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் ஒருவன் ராமசாமி என்று திரும்பிப் பார்ப்பான். அத்தனை பேரில் ஏழு பேர் பெரிய மனிதர்கள் ஆனார்கள். கணக்கு இவ்வளவுதான். ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவராக இருந்த ஆற்காட்டு முதலியாருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் எளிது. அவர் இரட்டைப் பிள்ளையில் ஒருவர், உடன்பிறந்தவர் லட்சுமணசாமி. எழுத்தாளர்கள் இருவரையும் சோவையும் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். பெயர் பெரிதாக இருப்பதைப் பற்றி எழுதினீர்கள். அந்தப் பெயர் மிகப் பொதுவாக இருந்ததால் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வேண்டியவர் நீங்கள்.

1886இல் வெள்ளைக்காரர்கள் ஓர் அகராதி அச்சிட்டார்கள். ஹாப்சன்-ஜாப்சன் என்று பெயர். இந்தியாவில் அவர்கள் வாயில் புழங்கிய சொற்களின் தொகுப்பு. அதில் 'ராமசாமி' ஒரு சொல்லாக இருக்கிறது. ஆளின் பெயராக அல்ல, பொதுச்சொல்லாக. இரண்டு பொருள். ஒன்று, இந்துக்களுக்கு, அதிலும் சிலோனில் வேலை செய்யும் இந்தியக் கூலிகளுக்கு, மொத்தமாக வழங்கும் பெயர். இரண்டாவது, வெள்ளிக் குழலுக்குள் செருகிய முறுக்கிய பஞ்சுத் திரி, துரைமார் சுருட்டுப் பற்றவைப்பதற்கு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பாட்டி வாழ்நாளெல்லாம் வாயில் வைக்கப் பயந்த பெயர். அதைச் சுருட்டு பற்றவைக்கும் திரிக்கு வைத்திருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் இதே கதை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நின்றது. முதல் ஒப்பந்தக் கூலிகள். அடுத்த அரை நூற்றாண்டில் ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் எழுதினார்கள். கூடவே ஆளுக்கோர் எண்ணும் கொடுத்தார்கள். கரை இறங்கிய பிறகு தந்தை பெயரை யார் கேட்டார்கள்? எல்லோரும் 'சாமி'தான். காந்தி தம் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதுகிறார். தமிழர் பெயர்களின் வாலைப் பிடித்து இந்தியர்கள் எல்லோரையும் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். துணிச்சலும் அறிவும் உள்ள இந்தியர் சிலர், சாமி என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார்களாம். அதைக் கேட்டுச் சில வெள்ளையர் முகம் சுளித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள், அடிக்கவும் செய்தார்கள்.

இலங்கை மலையகத் தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது. விடியலில் பிரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், ஆள் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து எடை குறைந்தால், நேரம் தப்பினால் அரைப் பேர். இன்று பேர் விழுந்ததா என்றால் கூலி கிடைத்ததா என்று பொருள். ஒரு மனிதனின் பெயரை இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுக்க முடியும் என்று எந்த ஊர் மொழியாவது சொல்லுமா? எங்கள் மொழியைச் சொல்ல வைத்தார்கள். 1948இல் சிலோனில் குடியுரிமைச் சட்டம் வந்து அந்த மக்களை எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை என்று ஆக்கியது. 1964 அக்டோபரில் சிலோன் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், சிலோனுக்கு 3,00,000 பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். உங்கள் தாத்தா அந்த முதல் எண்ணுக்குள் இருந்த ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியிருப்பார். திரும்பி வந்தவர்களுக்கான மண்டபம் முகாமில் வரிசையில் நின்றிருப்பார்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள் தம்பி. ஏழு ராமசாமிகள். ஈ.வெ. இருக்கிறது. ஈரோடு, வெங்கட்டப்பர். சி.பி. இருக்கிறது. சேத்துப்பட்டு, பட்டாபிராமர். ஓமந்தூர் இருக்கிறது, ஆற்காடு இருக்கிறது. வ. என்ற ஒற்றை எழுத்தைக்கூட நீங்கள் விடவில்லை. சுந்தர என்பது அப்பா சுந்தரம். சோவுக்கும் சோ இருக்கிறது. உங்கள் தாத்தாவுக்கு மட்டும் எதுவும் இல்லை. வெறும் ராமசாமி. துரைமார் எழுதிய அதே ராமசாமி.

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. நமக்கு இருப்பது அந்த ஒற்றை எழுத்து. ஆயிரம் ராமசாமிகளுக்கு நடுவில் இவன் இன்னான் மகன், இன்ன ஊரான் என்று சொல்ல அது ஒன்றுதான். என் பாட்டி கொடிக்கால்காரர், தையல்காரர் என்று சொன்னபோதும் ஒருவரை இன்னொருவராக மாற்றவில்லை. பெயரைச் சொல்லாமலே ஆளை அடையாளம் கண்டாள். நீங்கள் பெயரைச் சொல்லிவிட்டு ஆளை விட்டுவிட்டீர்கள். கடிதத்தில் தாத்தாவுக்கு ஒரே ஒரு வரிதான். எந்தத் தோட்டம்? ஹட்டன் பக்கமா, பதுளைப் பக்கமா? தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினாரா, தண்ணீர் வடியக் கான் வெட்டினாரா? எந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில் எத்தனையாவது காம்பராவில், அதாவது அறையில், உங்கள் அப்பா பிறந்தார்? திருவிதாங்கூர் திவானைப் பற்றித் தேடிப் படித்த நீங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் இதைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கடுமையாகச் சொல்கிறேன் என்று வருந்தாதீர்கள். என் தாத்தாவிடம் நானும் கேட்காமல் விட்டவை நிறைய. அவர் பெயரை உரக்கச் சொன்னேனே தவிர, அவரோடு உட்கார்ந்து பேசியது குறைவு.

பெயரை வையுங்கள். பள்ளிக்கூடத்துக் கேலி ஒரு வருடத்தில் ஓய்ந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தாத்தா கொண்டுவந்த காகிதங்கள் வீட்டில் எங்காவது இருக்கும். தகரப் பெட்டியின் அடியில், பழைய வேட்டிக்குக் கீழே பாருங்கள். கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஏதாவது ஒன்று. தந்தை பெயர் என்று ஒரு வரி அதில் இருக்கும். மை மங்கியிருந்தால் வெயிலில் பிடித்துப் படியுங்கள். உங்கள் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், அவர்கள் முதலில் புறப்பட்டுப் போன ஊரின் பெயரையும் எனக்கு எழுதுங்கள். உங்கள் பட்டியலில் எட்டாவதாக, முன்னெழுத்தோடு அவரைச் சேர்த்து இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.