ஸ்டேட்டிக்ஸ் (சமநிலையில் இருக்கும் பொருள்கள் மீதான விசைகளைப் பற்றிய பாடம்) தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. வகுப்பில் புரிகிறது, தனியாகப் போட்டால் கணக்கு வரவில்லை. எப்படிப் படிப்பது?

தீர்த்த கணக்குகளைப் படித்துக்கொண்டே போவதை முதலில் நிறுத்துங்கள். நானும் அப்படித்தான் படித்து, முதல் இன்டர்னலில் கோட்டைவிட்டேன்.

இரண்டு நாள் விடையே கண்டுபிடிக்காமல் ஃப்ரீ பாடி டயகிராம் மட்டும் வரையுங்கள், அதாவது பொருளைத் தனியாக்கி அதன்மேல் செயல்படும் எல்லா விசைகளையும் காட்டும் படம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. வழவழப்பான சுவரில் சாய்ந்த ஏணியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் தருவது கிடைமட்ட விசை மட்டும். அங்கே உராய்வு கிடையாது. தரையிலோ மேல்நோக்கிய செங்குத்து விசையோடு, சுவரை நோக்கிய உராய்வும் உண்டு. அந்த உராய்வை உடனே மியூ பெருக்கல் என் (உராய்வுக் கெழு பெருக்கல் தரையின் செங்குத்து விசை) என்று எழுதிவிடாதீர்கள். வழுக்கத் தொடங்கும் நிலையில்தான் அது பொருந்தும். மற்ற நேரத்தில் சமநிலைச் சமன்பாடு சொல்வதுதான் உராய்வின் அளவு.

அப்புறம், மொமென்ட்டை, அதாவது விசையின் திருப்புவிளைவை, எந்தப் புள்ளியில் எடுப்பது? தெரியாத விசைகள் அதிகம் சந்திக்கும் புள்ளியில். 6 மீட்டர் பீம், இரு முனையிலும் தாங்கி, இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் சுமை. இடது முனையில் மொமென்ட் எடுத்தால் வலது தாங்குவிசை ஒரே வரியில் 4 என வந்துவிடும், இடது 8. சரிபார்க்க வலது முனையில் எடுங்கள்: 8 பெருக்கல் 6, 12 பெருக்கல் 4, இரண்டும் 48.

டிரஸ்ஸில் (நேரான உறுப்புகளை முனைகளில் இணைத்த சட்டகம்) கணக்கைத் தொடங்குமுன் விசையில்லாத உறுப்புகளைத் தேடுங்கள். சுமையும் தாங்கியும் இல்லாத இணைப்பில் மூன்று உறுப்புகள் சேர்ந்து, இரண்டு ஒரே கோட்டில் இருந்தால் மூன்றாவதில் விசை பூஜ்யம்.

சென்ட்ராய்டுக்கு (வடிவத்தின் மையப்புள்ளி காண்பது) ஒரு நாள் போதும். கடைசி மூன்று நாள் பழைய வினாத்தாள், கடிகாரம் வைத்து.