‘சூப்பர் சார்’ போதுமா? படம் காட்டுவது, கருத்துச் சொல்வது பற்றிச் சில கேள்விகள்

போன தடவை கிட் லென்ஸ், அதாவது கேமராவோடு சேர்ந்தே வரும் லென்ஸ், பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லென்ஸைப் பற்றியே இல்லை. படத்தை யாரிடம் காட்டுவது, காட்டினால் ஏன் இப்படிச் சொல்கிறார்கள், மச்சானிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று ஒரே மனத்தாங்கல். சரி, இந்த முறை அதையே எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப்பெயர் மட்டும் போட்டிருக்கிறேன், ஆள் பெயர் வேண்டாம்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் கைதட்டல் பொம்மையும் ‘சூப்பர் சார்’ரும்தான் வருகிறது. ஒரு வருடமாக இதே கதை. உருப்படியான கருத்து வாங்க என்ன செய்ய வேண்டும்? — வேளச்சேரி

நீங்கள் என்ன கேட்டுப் படம் போடுகிறீர்கள் என்று மேலே போய்ப் பாருங்கள். ‘எப்படி இருக்கு?’ என்றுதானே? நம் ஊரில் அந்தக் கேள்வி ‘சௌக்கியமா?’ என்பதுபோல. சௌக்கியமா என்றால் சௌக்கியம் என்றுதான் பதில் வரும், நடுத்தெருவில் நின்று யாரும் முழங்கால் வலியை விவரிக்க மாட்டார்கள்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். மெரினாவில் காலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதை எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘பந்து போடுகிற பையன்தான் எனக்கு முக்கியம், உங்கள் கண் முதலில் அவனிடம் போகிறதா, இல்லை பின்னால் நிற்கிற சிவப்பு வண்டிக்குப் போகிறதா?’ என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல யாருக்கும் ஷட்டர் ஸ்பீடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மாமிகூடச் சொல்லிவிடுவார், ‘வண்டிதான் தெரியுது’ என்று. படம் பார்த்துக் கருத்துச் சொல்வதில் முக்கால்வாசி இவ்வளவுதான்: கண் முதலில் எங்கே போனது, எங்கே மாட்டிக்கொண்டது, எப்போது படத்தை விட்டு வெளியே போனது. இந்த மூன்றும் தெரிந்தால் என்ன திருத்துவது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஒரே நேரத்தில் பதினைந்து படங்களைக் கொட்டாதீர்கள், ஒன்றே ஒன்று போடுங்கள். அப்புறம், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தை அமுக்கிச் சின்னதாக்கிவிடும், ‘ஷார்ப்பா இல்லையே’ என்று ஒருவர் சொன்னால் அது உங்கள் லென்ஸ் செய்த தப்பாகவே இருக்காது. டாக்குமென்டாக அனுப்பிப் பாருங்கள்.

கேட்கிறேனே என்று கோபப்படக் கூடாது: மற்றவர்கள் படத்துக்கு நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்? கட்டைவிரல்தானே? இதுவும் மொய் மாதிரிதான். வைத்தால்தான் திரும்பி வரும்.

கேள்வி: என் மச்சான் ஒன்றரை லட்ச ரூபாய்க்குக் கேமரா வாங்கியிருக்கிறார். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கெல்லாம் அவர்தான் போட்டோ எடுக்கிறார். படங்கள் சகிக்கவில்லை. சொன்னால் உறவு கெடும், சொல்லாவிட்டால் அடுத்த மாதம் என் மகள் வளைகாப்புக்கும் அவரே வருவார். — பெரம்பூர்

முதலில் வளைகாப்புக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, ‘மாப்பிள்ளை, நீங்க அன்னிக்கு வேலை பார்க்கக் கூடாது, உட்கார்ந்து சாப்பிடணும்’ என்று சொல்லிவிடுங்கள். உடனடி ஆபத்து நீங்கியது.

இனி விஷயத்துக்கு வருவோம். பாராட்டு, நடுவில் குறை, மறுபடி பாராட்டு என்று அடுக்கித் தரச் சொல்வார்கள். நம்மவர்களிடம் அது எடுபடாது. ‘நல்லா இருக்கு, ஆனா…’ என்று ஆரம்பித்தாலே ஆனாவுக்கு முன்னால் சொன்னது எதுவும் காதில் ஏறாது. நான் செய்வது வேறு. தனியாக இருக்கும்போது, அவரே படங்களைக் காட்டும்போது, ஒரு படத்தில் நிறுத்தி, பார்த்ததை மட்டும் சொல்வேன். ‘தாலி கட்டுற நேரம் சரியாப் பிடிச்சிருக்கீங்க. பொண்ணு தலையிலேர்ந்து டியூப் லைட் முளைச்ச மாதிரி இருக்கு, நீங்க ரெண்டடி இடது பக்கம் போயிருந்தா அது மறைஞ்சிருக்கும்.’ இதில் ‘உங்களுக்கு எடுக்கத் தெரியவில்லை’ என்பது எங்கேயும் கிடையாது. குறை படத்தில் இருக்கிறது, தீர்வு இரண்டடி தூரத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு குறைதான், அதற்கு மேல் வேண்டாம். ஏழு குறை சொன்னால் மனிதர் ஏழையும் மறந்துவிட்டுச் சொன்ன உங்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

கேமராவின் விலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். ‘இவ்வளவு காசு போட்டும்…’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் நன்றாக முடிந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. காசிமேட்டில் விடிகாலையில் மீன் ஏலம் எடுத்த படத்தைப் போட்டிக்கு முன்னால் ஒரு சீனியரிடம் காட்டினேன். ‘பிளாட்டா இருக்கு, கதை இல்லை’ என்றார், அவ்வளவுதான். அன்று இரவே எல்லாப் படத்தையும் அழித்துவிட்டேன். இப்போது கேமராவைத் தொடவே பிடிக்கவில்லை. — ஆதம்பாக்கம்

அழித்ததுதான் வருத்தம். படங்கள் போனில் இருந்திருந்தால் அதன் குப்பைக் கூடையில் சில நாள் இருக்கும், உடனே தேடிப் பாருங்கள்.

கருத்துகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்பது ஒன்று, எனக்கு முருங்கைக்காய் பிடிக்காது என்பது வேறு, இந்த வீட்டில் யாருக்கும் சமைக்கவே தெரியாது என்பது மூன்றாவது. முதலாவது பிழை, சரிபார்த்துத் திருத்தலாம்: அடிவானக் கோடு சாய்ந்திருக்கிறது, ஃபோகஸ் முகத்தில் இல்லாமல் கூடையில் விழுந்திருக்கிறது, வெள்ளைச் சட்டை வெந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. இரண்டாவது ருசி. கேட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. மூன்றாவதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். உங்கள் சீனியர் சொன்னதில் எது எந்த வகை?

‘பிளாட்’ என்பது பிழை வகை, அதற்குக் காரணம் உண்டு. காசிமேட்டில் சூரியன் கடல் பக்கம் எழுகிறது. வெயில் வந்த பிறகு கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்திருந்தீர்கள் என்றால் வெளிச்சம் உங்களுக்குப் பின்னாலிருந்து வந்து எல்லார் முகத்திலும் நேராக அப்பியிருக்கும், நிழலே இல்லாததால் மனிதர்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோலத் தெரிவார்கள். அதே இடத்தில் வடக்கோ தெற்கோ பார்த்து நின்றால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும், மீனின் செதில், ஐஸ் கட்டி, ஏலம் போடுபவர் கழுத்து நரம்பு எல்லாம் எழுந்து நிற்கும். சீனியர் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரிந்ததோ என்னவோ.

‘கதை இல்லை’ என்பது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் தரும் சொல், சொல்பவருக்கு வசதி, கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், ‘எந்த இடத்துல அப்படித் தோணுச்சு, விரலை வைச்சுக் காட்டுங்க அண்ணா’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓர் ஓரத்தில் வைப்பார்கள். விலை கேட்கிற கை மட்டும் இருக்கும், ஆள் ஃபிரேமுக்கு வெளியே போயிருப்பார், யாருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பவருக்குப் புரியாது.

என் கதையும் ஒன்று. ஃபிலிம் காலத்தில், கையில் நான்கைந்து பிரிண்டுடன் ஒரு பெரியவரிடம் போனேன். எனக்கு மிகவும் பிடித்த பிரிண்டை மேசையில் தலைகீழாக வைத்தார். அவமானப்படுத்துகிறார் என்று காது சிவந்துவிட்டது எனக்கு. ‘இப்பப் பாரு’ என்றார். தலைகீழாகப் பார்த்தால் கோயில், குதிரை, ஆள் எதுவும் கண்ணில் படாது, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். படத்தின் இடது மூலையில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஆள் வலது பக்கம். அப்புறம் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டாக வெட்டி, பிரிண்டின் மேல் எதிரெதிராக வைத்து நகர்த்தி நகர்த்தி, மூலையை மறைத்துக் காட்டினார். பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அட்டைகளை அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டேன், இன்னும் வைத்திருக்கிறேன்.

கருத்தைக் கேட்டதும் பதில் பேசாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். இரண்டு நாள் கழித்துப் படத்தைத் திறந்து பாருங்கள். காசிமேடு அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: நடுவில் வைத்து எடுத்தாலே ‘மூன்றில் ஒரு பங்கு விதி’ என்று மார்க் குறைக்கிறார்கள். — தாம்பரம்

படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளின் மேல் வை என்பதுதான் அந்த விதி. கோபுரத்தை நேராக நின்று எடுக்கிறவர் அதை ஓரத்தில் வைக்க என்ன அவசியம்? நடுவில் வையுங்கள். ஆனால் சரியாக நடுவில் வையுங்கள், இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால்தான் தப்பு மாதிரித் தெரியும்.

கேள்வி: மழைநாள் மாலையில் எடுத்த பெசன்ட் நகர் கடற்கரைப் படத்தில் வானத்தை மட்டும் மாற்றினேன். ‘ஏமாற்று வேலை’ என்று ஒருவர் எழுதிவிட்டார். எடிட் செய்வது தப்பா? — மடிப்பாக்கம்

இது நேற்று வந்த சண்டை இல்லை. 1850களில் சென்னை மாகாண அரசுக்குப் புகைப்படக்காரராக இருந்தவர் லின்னேயஸ் டிரைப். மதுரை, தஞ்சைக் கோயில்களை எடுத்தவர். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவ் நீல வெளிச்சத்துக்கு அதிகமாக வினைபுரியும், அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். மனிதர் நெகட்டிவின் மேலேயே கையால் வண்ணம் தீட்டி மேகம் வரவழைத்தார். ஆக, வானத்தில் கைவைத்தவர் நீங்கள் முதல் ஆள் இல்லை.

ஆனால் உங்கள் படத்தை நான் பார்த்தேன். மாலை ஐந்தரை மணி என்று நீங்களே குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள், வங்கக் கடல் பக்கம் சூரியன் தகதகவென்று நிற்கிறது! சென்னையில் பிறந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது எழுகிற பக்கம் என்று தெரியும். போதாததற்கு ஈர மணலில் பிரதிபலிப்பு சாம்பல் நிறம், மேலே வானம் ஆரஞ்சு. கருத்துச் சொன்னவர் ‘ஏமாற்று’ என்று ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னதற்குப் பதில் இந்த இரண்டையும் சொல்லியிருந்தால் உங்களுக்கும் உறைத்திருக்கும். மாற்றினால் மாற்றினேன் என்று படத்தோடு எழுதிவிடுங்கள். செய்திக்குக் கொடுக்கும் படத்தில் இந்த வேலையே கூடாது. போட்டி என்றால் விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: மேம்பாலத்துக்கு அடியில் தூங்கும் ஒருவரை எடுத்தேன், வெளிச்சம் அபாரம். ஒருவர் மட்டும் ‘அவரிடம் கேட்டீர்களா?’ என்று எழுதினார். இது படத்தைப் பற்றிய விமர்சனமா? — அண்ணா நகர்

ஆமாம். உங்கள் சித்தப்பா பஸ் ஸ்டாண்டில் வாய் திறந்து தூங்குவதை யாரோ எடுத்து ‘நகரத்தின் நிசப்தம்’ என்று தலைப்புப் போட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்கள் அனுப்பிய படத்தில் தலைக்கு அடியில் மடித்து வைத்த செருப்பு இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது, முகமே தேவைப்படவில்லை. கோயம்பேடு பூ மார்க்கெட்டில் நான் முதலில் பூ வாங்குவேன், அப்புறம் கேட்பேன், அடுத்த முறை போகும்போது பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வேண்டாம் என்றவர்களும் உண்டு. விட்டுவிடுவேன்.

கேள்வி: ஒன்பது வயதுப் பேரன் என் பழைய போனில் படம் எடுக்கிறான். பாதிப் படத்தில் ஆளுக்குத் தலையே இல்லை. எப்படித் திருத்துவது? — மயிலாப்பூர்

திருத்தாதீர்கள் ஐயா. அவன் உயரத்துக்கு உலகம் இடுப்பு மட்டத்தில்தான் இருக்கிறது. ‘இதை ஏன் எடுத்தே?’ என்று கேட்டு, சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பத்துப் படத்தை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பிரிண்ட் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்றால் ‘இன்னும் கிட்டப் போய் எடு’ என்பது போதும்.

கேள்வி: உங்கள் படத்துக்கு யார் கருத்துச் சொல்கிறார்கள்? — திருவான்மியூர்

வீட்டில்தான். போன மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதியில் பெரிய புள்ளிக் கோலம் ஒன்றை நாற்காலி கேட்டு வாங்கி, மேலே ஏறி நின்று எடுத்து வந்தேன். இரண்டு நாள் அதையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தாள். ‘கோலத்துல உங்க தலை நிழல் விழுந்திருக்கே’ என்றாள். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் அதே வீட்டு வாசலுக்குப் போனேன். வேறு கோலம் போட்டிருந்தார்கள்.