விருந்துக்கு 14 நாள்: தேசிய வனத்தில் வேன் வாழ்க்கை

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் டாலஸில் வசிக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. கிரீன் கார்டு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஏப்ரலில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல், வாங்கி வைத்திருக்கும் பழைய வேனில் ஓராண்டு அரிசோனா, கொலராடோ தேசிய வனங்களில் முகாமிட்டு வாழலாம் என்று நினைக்கிறோம். அங்கே இலவசமாகத் தங்கலாம் என்கிறார்களே, உண்மையா? சட்டம், தண்ணீர், சமையல், இணையம் இவற்றில் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில்: விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் கணக்கு. அமெரிக்க வனத்துறையின் கணக்கு பெரும்பாலும் 14 நாள். உங்கள் திட்டம் முழுவதையும் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் போட வேண்டும்.

இலவசம் என்பது உண்மை. நாட்டில் 154 தேசிய வனங்கள் இருக்கின்றன. கட்டண முகாம் மைதானங்களுக்கு வெளியே, குழாயும் கழிப்பறையும் இல்லாத மண்பாதை ஓரங்களில் தங்குவதை ‘டிஸ்பர்ஸ்டு கேம்பிங்’ என்கிறார்கள். பெரும்பாலான வனங்களில் இதற்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. தேசியப் பூங்காவையும் தேசிய வனத்தையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கிராண்ட் கேன்யன் பூங்கா உள்துறையின் கையில் இருக்கிறது. அதை ஒட்டிய கைபாப் வனம் வேளாண்துறையின் கையில். வனத்தில் செல்லுபடியாகும் சலுகை பூங்கா எல்லைக்குள் செல்லாது.

அடுத்தது 14 நாள். ஃபிளாக்ஸ்டாஃப் நகரைச் சுற்றியுள்ள கொகோனினோ வனத்தில் 30 நாட்களில் 14 நாட்கள் தங்கலாம். வேறு வனங்களில் இந்தக் கணக்கு மாறும். ஒரே வனத்துக்குள்ளேயே செடோனா போன்ற கூட்டம் மிகுந்த பகுதிகளில் குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் தங்க முடியாத நிலை உண்டு. ஆகவே, போகும் ஒவ்வொரு வனத்திலும் ரேஞ்சர் எனப்படும் வன அதிகாரியின் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. இணையத்தில் யாரோ எழுதியதை நம்பிக் கிளம்புவதைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சு மேல்.

பலரும் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. அனுமதியின்றி வனநிலத்தைக் குடியிருப்பாகப் பயன்படுத்துவதை கூட்டாட்சி அரசின் விதித்தொகுப்பிலுள்ள 36 சி.எஃப்.ஆர். 261.10 விதி தனியே தடை செய்கிறது. 14 நாள் முடிந்ததும் பக்கத்து மேட்டுக்கு வண்டியை நகர்த்தி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் சாமர்த்தியத்தை ரேஞ்சர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். ஒரேகான் மாநிலத்தில் பெண்ட் நகருக்குத் தெற்கே டெஷூட்ஸ் வனத்தில் பலர் ஆண்டுக்கணக்கில் கூடாரமும் வண்டியுமாக வாழ்ந்துவந்தார்கள். 2025 மே மாதம் வனச் சீரமைப்புப் பணிக்காக அந்தப் பகுதி மூடப்பட்டு, அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உங்களிடம் ரேஞ்சர் “எங்கே வசிக்கிறீர்கள்?” என்று கேட்டால் “இங்கேதான்” என்று சிரித்துக்கொண்டு சொல்லாதீர்கள். பயணி தங்கலாம், குடித்தனக்காரர் கூடாது என்பதுதான் சட்டத்தின் கணக்கு. கொடி கட்டித் துணி உலர்த்துவது, தார்ப்பாய்ப் பந்தல், பூந்தொட்டி எல்லாம் அந்த வித்தியாசத்தைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே ஓராண்டு ஒரே காட்டில் என்ற எண்ணத்தை விடுங்கள். பருவத்தோடு மலை ஏறி இறங்குங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிர்ச்சி. ஏப்ரலில் ஃபிளாக்ஸ்டாஃப் போகாதீர்கள். 2,100 மீட்டர் உயரத்தில் அப்போதும் பனி விழும், பாதை சேறாக இருக்கும். தெற்கு அரிசோனாவில் கொரோனாடோ வனத்தின் தாழ்வான பகுதிகளில் தொடங்கி, மே நடுவில் மேலே ஏறுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கொலராடோ. குளிர்காலத்துக்குக் காட்டை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கு இறங்கிவிடலாம். அரிசோனாவின் குவார்ட்ஸைட் அருகே பி.எல்.எம். என்னும் நிலநிர்வாக அமைப்பு நீண்டகால முகாம் பகுதிகளை நடத்துகிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே தங்க 180 டாலர் அனுமதிச்சீட்டு போதும். 14 நாள் தொல்லை கிடையாது. ஏழு மாதத்துக்கு அந்தத் தொகை என்றால் டாலஸில் ஒரு வார வாடகைகூட வராது.

இனி காகிதங்கள். கரடியைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம். வீட்டைக் காலி செய்த 10 நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் முகவரி மாற்றம் தெரிவிக்க வேண்டும். கிரீன் கார்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தெற்கு அரிசோனா நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் இருப்பதால், அட்டை வேனின் அடித்தட்டுப் பெட்டியில் இருந்து பயனில்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அரிசோனாவிலும் கொலராடோவிலும் உண்டு, அங்கே உட்கார்ந்து வேலை செய்தால் வரிக் கேள்வி எழும். நிறுவனத்திடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இதைப் படிக்கும் எச்-1பி வேலை விசா நண்பர்கள் சற்று நிதானியுங்கள்: உங்கள் அனுமதி குறிப்பிட்ட பணியிடப் பகுதியோடு கட்டப்பட்டது. அந்தப் பெருநகர எல்லையைத் தாண்டி வேலை செய்ய, முன்கூட்டியே திருத்த மனு தேவைப்படும். காடு விடுமுறைக்கு இருக்கட்டும்.

எங்கே நிறுத்துவது? ஒவ்வொரு வனமும் ‘மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம்’ ஒன்றை இலவசமாகத் தருகிறது. கறுப்பு வெள்ளையில், பார்க்க வறட்சியாக இருக்கும். ஆனால் எந்தப் பாதையில் வண்டி போகலாம், எந்தப் பாதையோரம் முகாமிடலாம் என்பதற்கு அதுதான் சட்டபூர்வ ஆவணம். பாதையின் இருபுறமும் புள்ளிகள் இட்டிருந்தால் அங்கே ஓரமாக இறங்கித் தங்கலாம். ஏற்கெனவே பலர் தங்கிக் கட்டாந்தரையான இடத்தையே தேர்ந்தெடுங்கள்; ஓடைக்கு 200 அடி, அதாவது சுமார் எழுபது தப்படி, தள்ளியே இருங்கள்.

வரைபடத்தில் இல்லாத ஒன்று மண். ஒரு ஜூலை மாத மாலை, வடக்கு அரிசோனாவில் அரை மணி நேரம்தான் மழை பெய்தது. அதற்குள் நான் வந்த செம்மண் பாதை பிசைந்த மாவாகிவிட்டது. பத்தடி நகர்வதற்குள் டயரின் வெட்டுகளெல்லாம் அடைபட்டு, சக்கரம் வழவழவென்று குயவன் திகிரி போலச் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. மட்கார்டுக்குள் திணிந்த களியைச் சமையல் கரண்டியால் சுரண்டினேன். பாதை காய இரண்டு நாள் ஆயிற்று. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை அங்கே பருவமழைக் காலம். மேகம் கறுத்தால் கிளம்பிவிடுங்கள், அல்லது மூன்று நாள் உணவோடு அங்கேயே இருங்கள், நடுவில் முடிவெடுக்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. குடிக்க, சமைக்க, துலக்க, மேலுக்கு ஊற்ற என்று இருவருக்குச் சிக்கனமாக நாளைக்கு 15 லிட்டர். 14 நாளுக்கு 210 லிட்டர், அத்தனை கிலோ எடை. பழைய வேன் தாங்காது. நூறு லிட்டர் வைத்துக்கொண்டு ஆறு நாளுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வாருங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடியாகத் தெரிந்தாலும் ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம்.

சமையலில் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். ஃபிளாக்ஸ்டாஃப் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டாலும் முத்து முத்தாக நின்று முறைக்கும், எரிவாயுதான் தீரும். ஊறவைத்து, பிரஷர் குக்கரில் ஓரிரு விசில் கூடுதலாக விடுங்கள். வேனுக்குள் சமைத்தால் சன்னலும் கூரை விசிறியும் திறந்திருக்கட்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். தாளித்த மணம் உங்களுக்கு மட்டும் பிடித்ததல்ல. அரிசோனாவிலும் கொலராடோவிலும் கறுங்கரடிகள் உண்டு, கார்க் கதவைத் திறக்கத் தெரிந்தவையும் அவற்றில் உண்டு. எச்சில் தட்டை வெளியே விடாதீர்கள், இரவில் உணவைப் பூட்டிய வண்டிக்குள் வையுங்கள்.

மின்சாரத்தில் நிழலுக்கும் வெயிலுக்கும் இடையே சண்டை. இரண்டு மடிக்கணினி, செயற்கைக்கோள் இணையத்துக்கு ஒரு சிறிய ஸ்டார்லிங்க் தட்டு என்றால் நாளைக்குச் சுமார் 1.3 யூனிட் செலவாகும். 400 வாட் சோலார் தகடு அரிசோனா வெயிலில் அதைத் தந்துவிடும். பைன் மர நிழலில் பாதிகூடத் தராது. ஸ்டார்லிங்குக்கும் திறந்த வானம் வேண்டும். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பைத் தேடுங்கள். அவசரத்துக்கு, செல்போன் கோபுரத்தை நம்பாத செயற்கைக்கோள் தூதுக் கருவி ஒன்று.

மே, ஜூன் நெருப்புக் காலம். 2021 ஜூனில் கொகோனினோ வனம் முழுவதுமே மூடப்பட்டது. மாற்று இடம் ஒன்று எப்போதும் குறித்து வையுங்கள். நெருப்புத் தடை கடுமையாகும்போது விறகும் கரியும் கூடாது. திருகி அணைக்கும் எரிவாயு அடுப்புக்கு மட்டும் பெரும்பாலும் அனுமதி இருக்கும். உயர்ந்த காய்ந்த புல்மேல் சூடான வண்டியை நிறுத்துவதும் தீ வைப்பதற்குச் சமம்.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவெடுக்குமுன், மார்ச்சில் ஒரு வார விடுப்பு எடுத்துக்கொண்டு தெற்கு அரிசோனாவுக்குப் போய் வாருங்கள். ஏழு இரவு, ஊர்ப்பக்கம் ஒரே ஒரு தண்ணீர்ப் பயணம். நான்காம் நாள் காலை, கழிப்பறைக்குக் கைமண்வெட்டியோடு நடந்து, ஆறங்குல ஆழக் குழி தோண்டித் திரும்பும்போது இருவர் முகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு உரிமையாளருக்கு என்ன எழுதுவது என்று அப்போது தெரிந்துவிடும்.