சைக்கிளில் சின்னவள், நடையில் மூத்தவன்

கேள்வி: இரண்டு வயது மகளையும் ஐந்து வயது மகனையும் சைக்கிளிலோ நடந்தோ பாதுகாப்பாக அழைத்துச் செல்வது எப்படி?

பதில்: மகளைப் பின்புறக் குழந்தை இருக்கையில் அமர்த்தலாம், ஆனால் பாதம் சக்கரக் கம்பிகளில் சிக்காதபடி தடுப்பும், தோள்களைப் பிணைக்கும் வாரும், புருவத்துக்கு இரு விரல் அகலம் மேலே படியும் தலைக்கவசமும் கட்டாயம் வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தையைக் கழுத்து உறுதிப்படாத காரணத்தால் ஏற்றவே கூடாது. ஓடும் சைக்கிளைவிட நிற்கும் சைக்கிளைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்: ஸ்டாண்டு போட்டிருந்தாலும் குழந்தை அசைந்தால் வண்டி சாய்ந்துவிடும் என்பதால், பையை எடுக்கக்கூட கையை விடாதீர்கள், பொருள்களை முதலில் வைத்துவிட்டு, குழந்தையைக் கடைசியாக ஏற்றி, இறங்குமிடத்தில் முதலில் இறக்குங்கள். மகனோடு நடக்கும்போது வாகனங்கள் செல்லும் பக்கத்தில் நீங்கள் இருந்து, அவன் கையைப் பற்றிக்கொள்ளுங்கள்; வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் ஐந்து வயதில் வந்திருக்காது.