முடித்துவைத்த கருவி

அன்புள்ள அக்கா,

இரணியலில் ரயிலேறி தினமும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஐடி வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு காலத்தில் நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோவுக்குப் புதுப் பதிப்பு வருகிறதென்றால் ராத்திரி டவுன்லோட் போட்டுவிட்டு விழித்திருப்பேன். இப்போது ‘அப்டேட் தயார்’ என்று வந்தாலே ‘பிறகு’ என்பதை அழுத்திவிடுகிறேன். டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பையும் வாசித்துவிட்டு வந்து துள்ளுகிறாள். ‘ரெண்டு வருஷம் போகட்டும்’ என்று சிரிக்கிறோம். எப்படியும் இனி ஏஐதானே எழுதப்போகிறது. எனக்கு வயதாகிவிட்டதா? மேனேஜர் பக்கம் போய்விடலாமா?

கே., தக்கலை

அன்புள்ள தம்பி,

வயதெல்லாம் ஆகவில்லை. ஏஐ பற்றிய வரியை விட்டுவிடுகிறேன். சலித்துப்போன எல்லோரும் இன்று சொல்லும் சாக்கு அது. ஒரு கருவியை, இது போதும் என்று முடித்துவைப்பது என்ற வழக்கமே நம் தொழிலில் அற்றுப்போய்விட்டதே என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு மாடியறை கம்ப்யூட்டர் சென்டரில்தான் சி மொழியில் நிரல் எழுதும் டர்போ சி மென்பொருளை நான் படித்தேன். இணையம் கிடையாது. ஒரு ஃபங்ஷன் பெயர்மேல் கர்சரை வைத்து கன்ட்ரோலும் எஃப்1-உம் அழுத்தினால் விளக்கம் வரும், அடியில் மாதிரி நிரலும் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டிப் பார்ப்போம். கரண்ட் போனால் நோட்டில் எழுதிவைத்ததை வாசிப்போம். அடுத்த பதிப்பு எப்போது கைக்கு வருமென்று யாருக்கும் தெரியாததால் இருந்ததை அடிவரை தோண்டினோம். புதியது வந்தபோது எது மாறியிருக்கிறது என்று உடனே பிடிபட்டது, பழையது முழுக்கத் தெரிந்திருந்ததால். புதுப் பதிப்பின்மேல் ஆசை அப்படித்தான் வந்தது.

இப்போது பாருங்கள். ஜாவா என்ற நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பு வந்தது 2014 மார்ச்சில், 9 வந்தது 2017 செப்டம்பரில். அதன்பிறகு மார்ச்சுக்கு ஒன்று, செப்டம்பருக்கு ஒன்று. விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் கருவிக்குப் பல ஆண்டுகள் மாதத்துக்கு ஒன்று வந்தது. 2016-இல் இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ஆங்குலர் 2 வந்தபோது அதன் முந்தைய வடிவமான ஆங்குலர்ஜேஎஸ்-இல் எழுதியதை அப்படியே ஓட்ட வழியில்லை, பெரும்பகுதியைத் திரும்ப எழுதத்தான் வேண்டியிருந்தது. நேற்றுப் படித்தது இன்று செல்லாது என்றால் எவருக்கு ஆர்வம் நிலைக்கும்?

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கோர்ப்புக்காக ‘டெக்’ மென்பொருளை 1978-இல் எழுதியவர். 1990-இல், இனி புது வசதி எதுவும் சேர்க்கமாட்டேன், பிழை மட்டும்தான் திருத்துவேன் என்று அறிவித்துவிட்டார். அதன் பதிப்பு எண் ஒவ்வொரு இலக்கமாக, 3.14159 என்று முடிவில்லாமல் நீளும் ‘பை’ எண்ணை நெருங்கிப் போகிறது. 2021-இல் 3.141592653. தான் இறந்தபின் எண்ணைப் ‘பை’ என்றே வைத்துவிட வேண்டும், அதற்குமேல் மிஞ்சும் பிழைகளெல்லாம் வசதிகள்தான் என்று எழுதிவைத்திருக்கிறார். டெக்கில் பிழை கண்டு சொல்பவருக்கு 2008 வரை 327.68 டாலருக்குக் காசோலை அனுப்பிவந்தார். ஒரு மனிதர் தன் வேலைக்குத் தானே பொறுப்பேற்று, இது போதும், இனி இதை நம்பி நீங்கள் கட்டலாம் என்று சொல்கிறார். கணிதக்காரர்கள் இன்றும் அதன் வழிவந்த லாடெக்கில்தான் கட்டுரை எழுதுகிறார்கள். புது வசதி வரவில்லை என்று அவர்கள் டெக்கை விட்டுப் போய்விடவில்லை. எழுதிய கோப்பு முப்பது வருடம் கழித்தும் அதே பக்கத்தைத் தரும் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு வேண்டியது. இதை ஒரு பெரிய நிறுவனத்தால் சொல்ல முடிகிறதா? சொல்லாது. முடிந்துவிட்டது என்றால் அடுத்த சந்தா எப்படி வரும்?

ஆகவே ‘பிறகு’ அழுத்துவதில் தப்பில்லை. தாராளமாக அழுத்துங்கள். கையிலிருக்கும் பதிப்பில் பிழை தேட உதவும் டீபக்கரை முழுக்கப் படித்திருக்கிறீர்களா? சொன்ன நிபந்தனை வந்தால் மட்டும் நிரலை நிறுத்தும் பிரேக்பாயின்டைப் போட்டிருக்கிறீர்களா? அதைப் படியுங்கள்.

ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தீர்களே, அது எனக்குக் கோபம் தருகிறது. நீங்கள் விழித்திருந்த ராத்திரிகளில் யாராவது இப்படிச் சிரித்திருந்தால் இன்று இந்தக் கடிதத்தை எழுத உங்களுக்கு ஆசையின் நினைவுகூட இருந்திருக்காது. டீமே சேர்ந்து ஒரு பிள்ளையின் துள்ளலை அடக்குவது அனுபவமா? பொறாமை அது, தம்பி. நாளைக்கே அவள் மேசைக்குப் போய், என்ன கண்டுபிடித்தாய், காட்டு என்று கேளுங்கள். அரைமணி நேரம் போனால் போகட்டும்.

மேனேஜர் வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் பேசி நீங்களே முடிவெடுங்கள்.