வரைபடத்தில் இல்லாத ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கவிஞர் ஆட்ரி லார்டைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கரீபியத் தீவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஒருவர் வயிற்றுப்பாட்டுக்காக ஆண்டுக்கணக்கில் நூலகராக இருக்க நேர்ந்தது கவிதைக்கு இழப்புதான் என்று தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன? அவரை எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

குடியேறியவர்கள் லார்டின் பெற்றோர். அவர் 1934-இல் நியூயார்க்கிலேயே பிறந்தவர். ஆனாலும் உங்கள் சொல்லை முழுக்கத் தள்ளிவிட முடியாது. கரீபியத்தில் கிரனடாவை அடுத்த கரியகூ என்னும் சிறு தீவைத்தான் அம்மா கடைசிவரை தம் ஊராக எண்ணினார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த வாழ்க்கை தற்காலிகமானது என்ற நினைப்பிலேயே மூன்று பெண்களும் வளர்ந்தார்கள்.

நூலகம் வெறும் பிழைப்பு என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. பிழைப்புக்கென்று அவர் பார்த்த வேலைகள் வேறு. ஸ்டாம்ஃபோர்டில் ஓர் ஆலையில் எக்ஸ்ரே கருவியின் முன் உட்கார்ந்தது அவற்றில் ஒன்று. நூலகமோ அவருக்கு எழுத்து அறிமுகமான இடம். கண்பார்வை மிக மங்கலாக இருந்த, அதிகம் பேசாத நான்கு வயதுக் குழந்தை ஹார்லெமின் 135-ஆம் தெரு நூலகத்தில் தரையில் விழுந்து அலறிக்கொண்டிருந்தபோது, குழந்தைகள் பிரிவின் நூலகரான அகஸ்டா பேக்கர் அருகில் வந்து, கதை கேட்கிறாயா என்று கேட்டார். கதை முடிந்ததும் தனக்குப் படிக்க வேண்டும் என்று குழந்தை சொன்னது. அந்த ஒரு செயல் தம் உயிரைக் காத்தது என்றே லார்ட் பின்னாளில் எழுதினார்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. பள்ளி நாட்களில் கரியகூவை வரைபடங்களில் தேடித் தேடி ஏமாந்தவர், அம்மா சொன்ன ஊரே கற்பனையோ என்று ஐயுறும் அளவுக்குப் போனார். பின்னர் நூலகவியல் பட்டத்துக்காக நிலவரைபடத் தொகுப்புகளை ஒப்பிட்டு ஆராய வேண்டி வந்தபோது, அந்தத் தீவையே ஓர் உரைகல்லாக வைத்துக்கொண்டார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் தொகுப்பில் மட்டுமே அது இருந்தது. தன் காலனிகளைத் துல்லியமாகக் குறித்துவைப்பதில் அதற்கிருந்த பெருமிதத்தையும் லார்ட் குத்திக்காட்டத் தவறவில்லை. அப்போது அவருக்கு வயது 26. எவை பதிவாகின்றன, எவை விடுபடுகின்றன, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியை அவர் கவிதைகளில் காணும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேடல்தான் நினைவுக்கு வருகிறது.

அதற்காக அவர் நூலகத் தொழிலைப் போற்றிப் பாடினார் என்று கொள்ள வேண்டாம். 1961-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பட்டம் பெற்று, மவுண்ட் வெர்னன் பொது நூலகத்திலும், பிறகு நியூயார்க்கில் ஒரு பள்ளி நூலகத்திலும் பணியாற்றிய அவர், 1979-இல் கவிஞர் ஏட்ரியன் ரிச்சுடன் உரையாடியபோது அந்தப் படிப்பின் பயனுக்கு எல்லை உண்டு என்றார். மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய தலைநகரான அபோமேக்குப் போகும் வழியை ஆவணங்களைக் கொண்டு என்னால் காட்ட முடியும், ஆனால் போய்ச் சேர்ந்த பின் எதற்காக வந்தோம் என்பது போனவருக்கு மட்டுமே தெரியும் என்பது அவர் வாதம். 1968-இல் முதல் தொகுப்பு வெளியானது. அதே ஆண்டு மிசிசிப்பியின் டூகலூ கல்லூரிக்குக் கவிஞராக அழைக்கப்பட்டுச் சென்றார். அதன்பின் அவர் பார்த்ததெல்லாம் ஆசிரியப் பணிதான்.

1982-இல் வந்த அவரது தன்வரலாற்று நூலான ‘ஸாமி’யிலிருந்து தொடங்குங்கள். நான் சொன்ன வரைபடச் செய்தி அதில் ஓர் அடிக்குறிப்பாகவே இருக்கிறது. அடிக்குறிப்புகளைத் தாண்டிச் செல்லும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் கவனமாகப் படியுங்கள்.